கேட்டது வேறு, விற்றது வேறு
நம்பிக்கைகளும் உண்மைகளும்: பனியன் குடோனில் கணினி

திருப்பூர் பனியன் குடோன்களில் எந்த ரகம் எத்தனை டஜன் வைக்கலாம், அடுத்த லாட்டை எப்போது போடலாம் என்று யோசனை சொல்லும் மென்பொருள்கள் புழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவை நல்ல கருவிகள்தான். ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள சில நம்பிக்கைகள் முதலாளியின் பணத்தைக் குடோனிலேயே முடக்கிப் போடுகின்றன.

நம்பிக்கை 1: குடோன் நிறையச் சரக்கு இருந்தால் எந்த ஆர்டரும் தவறாது.

உண்மை: 10 ரகம், 6 நிறம், 80 முதல் 100 வரை 5 சைஸ் என்றாலே 300 உருப்படி ஆகிவிடும். கடைக்காரர் 95 கேட்கும்போது கையில் 80-உம் 100-உம் மட்டும் இருந்தால், ஆயிரம் டஜன் அடுக்கியிருந்தும் ஆர்டர் போய்விடும். தேங்கியது ஒருநாள் ஸ்டாக் லாட்டாகக் காதர்பேட்டைச் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போகும். 300 உருப்படியையும் தனித்தனியே சலிக்காமல் கணக்குப் பார்ப்பதுதான் கணினியின் முதல் பயன்.

நம்பிக்கை 2: பழைய பில்களை ஏற்றிவிட்டால், தேவை எவ்வளவு என்று கணினியே சொல்லிவிடும்.

உண்மை: பில்லில் இருப்பது விற்ற கணக்கு, கேட்ட கணக்கு அல்ல. 95 சைஸ் தீர்ந்துபோய் மூன்று வாரம் வரவில்லை என்று வையுங்கள். அந்த மூன்று வாரமும் அதன் விற்பனை பூஜ்யம். ‘யாருக்கும் வேண்டாம்போல’ என்று கணினி எடுத்துக்கொண்டு, அடுத்த லாட்டில் 95-ஐக் குறைக்கச் சொல்லும். சீக்கிரமே மறுபடி தீரும். மறுபடி குறைக்கச் சொல்லும். நன்றாக ஓடிய சைஸ் இப்படித்தான் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. சரக்கு இல்லாத நாள்களை விற்பனைச் சராசரியில் சேர்க்காதீர்கள். ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிய ஆர்டரையும் பதிவு செய்யுங்கள்.

நம்பிக்கை 3: மாநிலத்துக்கு மாநிலம் டிப்போ (கிளைக் கிடங்கு) வைத்து, எல்லா ரகத்தையும் எல்லா இடத்திலும் நிரப்ப வேண்டும்.

உண்மை: மத்திய விற்பனை வரியைத் தவிர்க்கவே முன்பு பலர் அப்படி டிப்போ வைத்தார்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் மறைந்தது. விற்பனை ஏறி இறங்குவதைச் சமாளிக்க வைக்கும் கூடுதல் இருப்பு, டிப்போக்களை ஒன்றுசேர்த்தால் குறையும். ஒரே அளவு ஏற்ற இறக்கமும், ஒன்றையொன்று சாராத விற்பனையும் உள்ள நான்கு டிப்போக்களை ஒன்றாக்கினால் அது பாதியாகும். ஓர் ஊரில் விற்பனை குறைந்து மிஞ்சும் சரக்கு இன்னோர் ஊரின் கூடுதல் தேவைக்கு ஈடுகொடுக்கும். மிச்சமாகும் பணத்தையும் கூடும் லாரி வாடகையையும் தாமதத்தையும் எடைபோட்டுக் காட்டுவது கணினிக்கு எளிது.

நம்பிக்கை 4: கணினி வந்தால் அனுபவசாலி வேண்டாம்.

உண்மை: கணினி நேற்றைய விற்பனையை வைத்துத்தான் நாளையைக் கணிக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஏற்றுமதிக்கு விழுந்த அந்த அடியைச் சொல்லும் தடயம் எந்தப் பழைய பில்லிலும் இல்லை. அப்படிப்பட்ட வேளையில் கணினி சொன்ன எண்ணைத் திருத்த, சந்தையை அறிந்த ஆள் வேண்டும். திருத்தியதற்கான காரணத்தை அவர் எழுதியும் வைக்க வேண்டும்.

மென்பொருள் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே பில் போடும் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, ரகம், நிறம், சைஸ், ‘இல்லை’ என்று சொன்ன டஜன்: இந்த ஐந்தும் போதும். கணினி வரும் நாளில் முதலில் ஏற்ற வேண்டிய கணக்கு அதுதான்.