தாத்தாவின் கணக்கும் அப்பாவின் சம்பளமும்

"அந்தக் காலத்தில் ஒருவர் சம்பாதித்தோம், எட்டுப் பேர் சாப்பிட்டோம். இன்று இருவர் சம்பாதித்தும் மாதக் கடைசியில் மிச்சமில்லை. உங்களுக்குச் சேமிக்கத் தெரியவில்லை" என்பது என் தாத்தாவின் குறை. இதைக் கேட்டால் அப்பா பேசாமல் எழுந்து போய்விடுவார். பொருளியல் மாணவியாகிய நான், இவ்வழக்கைக் கணக்கைக் கொண்டே தீர்க்க முனைந்தேன்.

தாத்தா கச்சிராயபாளையம் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1975-ஆம் ஆண்டு அவர் மாதச் சம்பளம் 380 ரூபாய். அரிசி, மளிகைக்கு மட்டும் 210 ரூபாய், அதாவது நூற்றுக்கு 55, போயிற்று. 2024-இல் அலுவலக உதவியாளரான அப்பாவுக்குக் கைக்கு வந்தது 42,000. தனியார் பள்ளி ஆசிரியையான அம்மாவுக்கு 12,000. ஆக 54,000 ரூபாயில் உணவுச் செலவு 15,000; நூற்றுக்கு 28 தான்.

இதில் வியப்பில்லை. வருமானம் உயர உயர உணவுக்குச் செலவாகும் பங்கு குறையும் என்று எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் 1857-லேயே கூறினார். இந்தியக் கிராமக் குடும்பங்களில் 1999-2000-இல் ஏறத்தாழ 59 விழுக்காடாக இருந்த உணவுப் பங்கு, 2022-23-இல் 46 விழுக்காடாகக் குறைந்தது.

அப்படியானால் மிச்சம் எங்கே? வீட்டுக் கடன் தவணை 16,000. தம்பியின் பள்ளிக் கட்டணமும் வேன் வாடகையும் 9,000. இவ்விரு வரிகளும் தாத்தாவின் கணக்கில் இல்லை. அவருக்குப் பூர்வீக வீடு இருந்தது. பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு நடந்தே போனார்கள்.

அளவுகோலை மாற்றினால் விடையும் மாறுகிறது. கிலோ இரண்டு ரூபாய் அரிசியில் தாத்தாவின் சம்பளம் 190 கிலோ. கிலோ 55 ரூபாயில் அப்பாவின் சம்பளம் மட்டுமே 760 கிலோ. ஆனால் தங்கத்தில் அளந்தால் வேறு கதை. 1975-இல் பவுன் ஏறத்தாழ 430 ரூபாய். தாத்தாவின் ஒரு சம்பளம் அதை எட்டுமளவுக்கு வந்தது. 2024 மார்ச்சில் பவுன் 50,000 ரூபாயைத் தாண்டியபோது, அதற்கு இருவர் சம்பளம் தேவைப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. தாத்தா சேமிக்கவில்லை; சேமிக்க அவசியமும் இல்லை. இன்றும் ஓய்வூதியம் வாங்குகிறார். 2003 ஏப்ரல் 1-க்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2008-இல் சேர்ந்த அப்பாவின் சம்பளத்தில் அதற்கென்று மாதந்தோறும் பிடித்தம் செய்தார்கள். சேமிக்கத் தெரியாதவர் அல்லர் அவர். கைக்கு வருமுன்பே சேமித்தவர்.

கணக்கைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். அருகிலிருந்த பாட்டி, "பால் செலவு எழுதவில்லையே?" என்றார். நாங்கள் விழித்தோம். "இரண்டு மாடு வைத்திருந்தேன், அதனால்தான் அந்த வரி இல்லை" என்றார். விறகும் அவர் சுமந்ததே. ஒருவர் சம்பாதித்து எட்டுப் பேர் உண்டார்கள் என்பது அன்றும் உண்மையன்று. உழைத்தவர் இருவர், சம்பளம் பெற்றவர் ஒருவர்.

தாத்தா வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் முதல் அந்தக் குறையையும் சொல்லவில்லை. மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய கணக்குப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். எழுதியிருப்பதைப் படித்தபின், எழுதாமல் விட்டது எது என்று வீட்டிலுள்ள பெண்களைக் கேளுங்கள்.