பார்த்து எழுதிய படம்

ரூபன்ஸ் என்னும் கத்தோலிக்க ஓவியர் 1628-ம் ஆண்டு மாட்ரிட் அரண்மனைக்கு வந்தபோது அவருக்கு வயது 51; கீர்த்தியோ ஐரோப்பா முழுதும் பரவியிருந்தது. ஆயினும் அங்கிருந்த தீசியானின் தைலவர்ணப் படங்களை ஒரு மாணாக்கனைப்போல் பார்த்து எழுதினார். அவற்றுள் ஒன்று, ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியும் இசபெல்லா மகாராணியும் அமர்ந்திருக்கும் படம்.

முகம் எழுதப் பழகுவோருக்கு இது நல்ல வழி. முதலில் கோடு, பின் நிழல், கடைசியில் வர்ணம். ஒவ்வொரு கட்டத்திலும் மூலத்தைத் திரும்பத் திரும்ப நோக்கவேண்டும். தீசியானின் மூலப்படம் பின்னாளில் அழிந்துபோயிற்று. ரூபன்ஸ் எழுதிய பிரதியாலேயே அதை இன்று அறிகிறோம்.

பெற்றோர்களே, பிள்ளைகள் நம்மைப் பார்த்தே பேசவும் செபிக்கவும் பழகுகிறார்கள். நமக்குப்பின் நம் விசுவாசம் அவர்களிடத்திலன்றோ நிற்கவேண்டும்? இன்றிரவு குடும்ப செபமாலையில் நாம் முழந்தாளிடுவதை அவர்கள் காணட்டும்.