தடுப்பூசித் தவணை தவறலாகாது

கடன் தவணை தவறினால் வட்டி ஏறும் என்பதை அங்கத்தினர்கள் நன்கறிவர். தடுப்பூசித் தவணை தவறினால் வரும் நஷ்டமோ குழந்தையைச் சேரும்.

முன்னாளில் பெரியம்மைக்கு அஞ்சாத ஊர் இல்லை. அதற்கான அம்மைப்பாலைத் தயாரிக்கவே கிண்டியில் 1899-இல் கிங் நிலையம் தோன்றியது. ஊர்தோறும் அம்மை குத்தியதன் பயனாக 1975-க்குப் பின் அந்நோய் இந்தியாவில் தோன்றவில்லை. இயற்கை வைரஸால் வரும் இளம்பிள்ளை வாதமும் 2011-க்குப் பின் தலைகாட்டவில்லை. இவை தாமாக நீங்கியவை அல்ல. தவணை தவறாத பெற்றோரால் நீங்கியவை.

இன்றைய அட்டவணை யாது? பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., மஞ்சட்காமாலை பி வகைக்கான ஊசி, போலியோ சொட்டு மருந்து. 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி. இது தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி முதலியவற்றைத் தடுக்கும். 9 மாதம் நிறைந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி. 16 முதல் 24 மாதத்திற்குள் அதன் இரண்டாம் தவணை.

ஒரே ஊசியை மூன்று முறை போடுவானேன்? நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரைக் கேளுங்கள். ஒருமுறை சுட்ட மண்பாண்டம் உருவில் நிற்கும். ஆயினும் நீர் கசியும். மெருகு பூசி மறுமுறை சுட்டாலே நீர் தாங்கும். அவ்வாறே முதல் ஊசி உடலுக்கு நோயை அறிமுகம் செய்கிறது. அடுத்தவை எதிர்ப்பாற்றலை உறுதியாக்குகின்றன.

ஊசிக்குப்பின் சிறு காய்ச்சலும் வீக்கமும் காண்பது இயல்பே. ஓரிரு நாளில் தணியும். காய்ச்சல் மிகுந்தாலோ நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுக. சாதாரணச் சளி இருப்பதால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டுவதில்லை. தவணை தவறியிருப்பினும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆகையால் வெட்கி ஒதுங்காமல் அட்டையுடன் சுகாதார நிலையம் செல்க. அங்கு இவை யாவும் இலவசம்.

தவணை தவறுவது பெரும்பாலும் அறியாமையால் அன்று, வேலை நெருக்கடியால். தறியை நிறுத்தினால் கூலி போகும். நடவை விட்டால் பருவம் போகும். இங்கேதான் சங்கத்தின் கடமை பிறக்கிறது. தமிழ்நாட்டில் புதன்கிழமையே தடுப்பூசி நாள். அன்று முற்பகலில் நூல் வழங்கலும் கூலிப் பட்டுவாடாவும் வைக்கலாகாது எனச் சங்கங்கள் தீர்மானிக்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.

கடன் புத்தகத்தைப் பேணும் பெட்டியிலேயே குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் வையுங்கள். இரண்டிலும் பாக்கி இல்லாத குடும்பமே நிறைவான குடும்பம்.