விட்டு விட்டு மக்கர் செய்யும் பழைய கார்: எக்செல்லும் மல்டிமீட்டரும் கொண்டு கோளாறைப் பிடிக்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, கேம்ஸ் விளையாடியாயிற்று, கடிதமும் டைப் செய்தாயிற்று, அடுத்து இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இந்த மாதம் சற்று மாறுபட்ட பாடம். உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? சில நாள் ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆகும், சில நாள் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும், மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடும். இப்படி விட்டு விட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிக்க உங்கள் கம்ப்யூட்டரும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரும் போதும்.

நான் மென்பொருள் எழுதுபவன். எங்கள் தொழிலில் எப்போதும் வரும் பிழை சுலபமானது. எப்போதாவது வரும் பிழைதான் தூக்கத்தைக் கெடுக்கும். அதைப் பிடிக்க முதலில் எப்போது வருகிறது என்று குறித்து வைப்போம், பிறகு எங்கே இருக்கிறது என்று அளந்து பார்ப்போம். காருக்கும் இதே வழிதான்.

எந்தக் கார்?

என் பெரியப்பா புதுச்சேரி ரெயின்போ நகரில் இருக்கிறார். அவரிடம் இருப்பது கார்புரேட்டர் காலத்து மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன மாடல் இது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பெரியப்பாவின் கார் சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் நின்றது. சில மாதங்களில் ஸ்டார்ட்டிங் தகராறு ஆரம்பித்தது.

பெரியம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். விடியற்காலையில் கோரிமேடு ஜிப்மருக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் கார் எடுக்காவிட்டால் ஆட்டோ தேடி ஓட வேண்டும். அதனால் பெரியப்பா புது பேட்டரி போட்டார். அப்படியும் தகராறு தீரவில்லை. "பேட்டரி புதுசுப்பா, இன்னும் எதைத்தான் மாத்தறது?" என்று என்னிடம் கேட்டார். எதையும் மாற்ற வேண்டாம், முதலில் எழுதுவோம் என்றேன்.

படி 1: எக்செல்லில் குறிப்பு

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளைத் திறந்து, முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, நேரம், இன்ஜின் சூடா குளிரா, மழை உண்டா, ஸ்டார்ட் ஆனதா, என்ன சத்தம், ஹெட்லைட் மங்கியதா. ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் ஒரு வரி சேருங்கள். ஒழுங்காக ஸ்டார்ட் ஆன நாளையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

மூன்று வாரம் கழித்து டேட்டா பகுதியில் உள்ள ஃபில்டரை கிளிக் செய்து, "ஸ்டார்ட் ஆனதா" என்ற பத்தியில் "இல்லை" என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். தகராறு செய்த நாட்கள் மட்டும் தெரியும். பெரியப்பாவின் பட்டியலில் அப்படி ஐந்து வரிகள். ஐந்திலும் ஒரே ஒரு "டக்". ஐந்திலும் ஹெட்லைட் மங்கவே இல்லை.

படி 2: சத்தம் சொல்லும் செய்தி

• "டக டக டக" என்று தொடர்ந்து அடித்து விளக்கும் மங்கினால்: பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது பேட்டரி டெர்மினல் லூஸ்.

• ஒரே ஒரு "டக்", விளக்கு பளிச்: பேட்டரியில் சக்தி இருக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. கேபிள், எர்த், சொலினாய்டு அல்லது செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள்.

• சத்தமே இல்லை, விளக்கு பளிச்: சாவி சுவிட்ச், அல்லது அங்கிருந்து சொலினாய்டுக்குப் போகும் வயர்.

• செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: ஸ்பார்க் அல்லது பெட்ரோல். இன்ஜின் சூடானபோது மட்டும் இப்படி ஆனால் இக்னிஷன் காயிலையும் பாருங்கள்.

பெரியப்பாவின் கார் இரண்டாவது வகை. பேட்டரி மாற்றியது ஏன் உதவவில்லை என்பது இதிலேயே புரிந்துவிடும்.

படி 3: மல்டிமீட்டர்

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு வயர் "10 ஆம்பியர்" துளையில் இருக்கக் கூடாது. அப்படியே பேட்டரியில் வைத்தால் ஷார்ட் ஆகும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள்.

அ) வண்டி ஓய்வில் இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி.

ஆ) செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

இ) இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக சார்ஜ் செய்கிறது.

ஈ) முக்கியமான சோதனை இதுதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மற்றதை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சில விநாடிதான் கிடைக்கும் என்பதால் மீட்டரை மொபைலில் வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

நான் அளந்த அன்று கார் ஒழுங்காகவே ஸ்டார்ட் ஆனது. ஆனாலும் மீட்டர் 1.1 வோல்ட் காட்டியது. கோளாறு வெளியே தெரியாத நாளிலும் அளவு காட்டிக் கொடுத்துவிடும். மெக்கானிக் முன்னால் சமர்த்தாக ஓடும் வண்டியைப் பிடிக்க இதுவே வழி.

ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டர் ஓம் அளவில் காட்டாது. கரண்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

என்னதான் கோளாறு?

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டடியில் துரு ஏறி, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. தண்ணீரில் நின்ற வண்டிக்கும் கடற்கரை ஊர் வண்டிக்கும் இது சகஜம். பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். மறுபடி அளந்தபோது 0.15 வோல்ட். இரண்டு மாதமாக எக்செல்லில் ஒரு "இல்லை" கூட விழவில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. எர்த் கெட்டால் கரண்ட் வேறு வழி தேடும். செல்ஃப் அடித்ததும் கிளட்ச் அல்லது ஆக்சிலரேட்டர் கேபிள் சூடானால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

கவனம்

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். துப்பட்டா, வேட்டி நுனி விசிறி பெல்ட் பக்கம் போகக் கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அருகே தீ வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பது பழைய பழக்கம். அது ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிடும்.

உங்கள் கம்ப்யூட்டர் சில நாள் ஆன் ஆகாமல் அடம் பிடித்தாலும் இதே பட்டியலைப் போடுங்கள்: நேரம், மின்விசிறி சுற்றியதா, பீப் சத்தம் வந்ததா, அன்று கரன்ட் கட் ஆனதா. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பட்டியலைப் பிரிண்ட் எடுத்து சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். அவர் தேடும் நேரமும் உங்கள் செலவும் குறையும்.