நாய் வாங்கிய எம்பிஏ

'இதுமாதிரி இருபது செய்து கொடுத்திருக்கிறோம்' என்றவர்களை நம்பி வெளிநாட்டுக் கம்பெனியிடம் வேலையை ஒப்படைக்கிறோம். ஒன்றுகூடச் செய்ததில்லை என்பது பாதியில் தெரிகிறது. அப்போது காதில் விழும் பேச்சுகள் மூன்று.

"நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு போட்டுக் கையெழுத்தாகிவிட்டது. அதற்குமேல் பைசா பெயராது."

மோசடி என்று நிரூபித்தால் பெயரும். பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி, வாடிக்கையாளர் சேவைக்கான கணினி அமைப்பை உருவாக்கும் வேலையை 2000-இல் அமெரிக்காவின் இடிஎஸ் குழுமத்திடம் 4.8 கோடி பவுண்டுக்குக் கொடுத்தது. உச்சவரம்பு 3 கோடி. வேலை இழுபட்டு, விவகாரம் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. கரீபியன் தீவு ஒன்றில் விமானத்தில் போய்வந்து எம்பிஏ படித்ததாகச் சாட்சி சொன்னார் இடிஎஸ் அதிகாரி. அந்தத் தீவில் விமான நிலையமே கிடையாது. ஸ்கையின் வழக்கறிஞர் அதே பட்டத்தை இணையத்தில் தன் நாய் லூலுவின் பெயரில் வாங்கிவந்து காட்டினார். மதிப்பெண் லூலுவுக்குத்தான் அதிகம்!

போலிப் பட்டத்தால்தான் இடிஎஸ் தோற்றது என்பார்கள். அதுவும் அரைகுறைக் கதை. பட்டத்தால் போனது சாட்சியின் நாணயம். முறையாகக் கணக்கே போடாமல் 'ஒன்பது மாதத்தில் ஓடும்' என்று அடித்துச் சொன்னதைத்தான் 2010 தீர்ப்பு மோசடி என்றது. கடைசியில் கைமாறியது 31.8 கோடி பவுண்டு. ஆள்பலம், தொழில்நுட்பம் பற்றி ஸ்கை சொன்ன மற்ற மோசடிப் புகார்களோ நிற்கவில்லை.

"விசாரிக்காமல் விட்டது நம் தப்பு."

இங்கிலாந்தில் இந்த வாதம் 1881-இல் ரெட்கிரேவ் வழக்கிலேயே எடுபடவில்லை. நம் 1872 ஒப்பந்தச் சட்டம் கொஞ்சம் கறார். தெரிந்தே சொன்ன பொய்யென்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஏன் விசாரிக்கவில்லை என்ற கேள்வி எழாது. தெரியாமல் சொன்ன தப்பான தகவலென்றால், சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்குமா என்று 19-ஆம் பிரிவு கேட்கும். பொய் அம்பலமான பிறகும் அடுத்த தவணையைக் கட்டினால், தெரிந்துதான் ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

"வெளிநாட்டுக்காரனை என்ன செய்துவிட முடியும்?"

அமெரிக்காவோடு நமக்குத் தீர்ப்பு அமலாக்க உடன்படிக்கை இல்லை என்பது வாஸ்தவம். நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் மன்றம் தரும் தீர்ப்புக்கோ 1958 நியூயார்க் உடன்படிக்கை இருக்கிறது. அமெரிக்கா உட்பட 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உண்டு. மோசடிப் புகாரை நடுவர் தொடக்கூடாது என்பதும் பழங்கதை. இரு தரப்புக்குள் நடந்த மோசடியை நடுவரே விசாரிக்கலாம் என்று 2020-இல் அவிடெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுவர் மன்றம் எந்த ஊரில் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருக்கும். வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.