போக்ஸ் கம்பியும் பழைய ஃபோர்டும்



2022-இல் உற்பத்தி நின்றுபோன ஃபோர்டு தொழிற்சாலை வாசல் வழியாகத்தான் மறைமலை நகரில் தினமும் போய் வருகிறாய். நீயே, “பழைய ஃபோர்டு கம்பிச் சக்கரமெல்லாம் பகட்டுதானே சார், ஒல்லிக் கம்பி காரைத் தாங்குமா?” என்று கேட்டால் எனக்கு உறுத்தாதா?

ஒல்லிக் கம்பியை அமுக்கினால் வளையும், இழுத்தால் அசைந்துகொடுக்காது. அதனால்தான் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளையெல்லாம் முன்கூட்டியே இழுத்து முறுக்கிவைக்கிறார்கள். 1808-லேயே ஜார்ஜ் கேலி பறக்கும் பொறிக்காக யோசித்த உபாயம் இது. உன் சைக்கிளின் கம்பிகளை விரலால் மீட்டிப் பார். பிறகு கனத்த ஆளாகப் பார்த்து சீட்டில் உட்காரவைத்து மறுபடி மீட்டு. தரையை ஒட்டிய இரண்டு மூன்று கம்பிகளில் சுருதி இறங்கும். மேலே இருப்பவை ஏறக்குறைய பழைய சுருதியிலேயே ஒலிக்கும். அச்சு மேல்கம்பிகளில் தொங்குகிறது என்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு! பாரத்தை வாங்குவது கீழ்க்கம்பி. தன் இழுவையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து வாங்குகிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதைப் படித்ததிலிருந்து, சக்கரக் கோட்டம் எடுக்கும் கடையைக் கண்டால் நின்றுவிடுகிறேன். காய்கறி வாங்கப் போனவர் எங்கே என்று வீட்டில் திட்டு. தொளதொளத்த கம்பிதான் சீக்கிரம் முறியும் என்பதை அந்தக் கடைக்காரர்கள் நூல் படிக்காமலே அறிவார்கள்.

ஆனால் இந்த மீட்டல் கணக்கை அப்படியே ஃபோர்டுக்குக் கொண்டுபோகாதே. 1928-இன் ஃபோர்டு மாடல் ஏ சக்கரத்தில், கம்பியைத் திருகி முறுக்கும் நிப்பிளே கிடையாது. சைக்கிள் கம்பியைவிட நன்றாகத் தடித்த கம்பி. இரு முனையும் பற்றவைப்பு. ரிம் கோணினால் திருகி நிமிர்த்த வழியில்லை. ரிம்மின் விட்டம் அன்று 21 அங்குலம். 1930-இல் 19, 1932-இல் 18, அடுத்த ஆண்டு 17, 1935-இல் 16. மறு ஆண்டே தகட்டுச் சக்கரம் வந்துவிட்டது.

பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைத்த அமெரிக்காவின் ஹாட் ராட் பையன்கள் 1932 வண்டிக்கு 1935-இன் 16 அங்குலச் சக்கரத்தைத் தேடிப்பிடித்து மாட்டியதில் அழகு ஆசையும் உண்டுதான், மறுக்கவில்லை. பருத்த டயர் ஏறும் என்ற கணக்கும் அதில் இருந்தது. தகட்டுச் சக்கரத்தின்மேல் கம்பி வேஷம் போட்ட குரோம் மூடியைக் கவ்வவைத்து ஊர்வலம் விடுகிறார்களே, அதைப் பகட்டு என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு தாம்பரம் வா. நிப்பிள் சாவி என்னிடம் இருக்கிறது.