ஓய்வெடுக்கச் சொன்னால் போதுமா?

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார்டில் எனக்குக் கொடுத்த நோயாளிக்கு 38 வயது. சித்தாள் வேலைக்குப் போகிறவர். ஆறு மாதமாக மாதவிடாயின்போது ரத்தப்போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 6.4. இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றியாகிவிட்டது, இன்னொன்று நாளை. கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது. ‘ஓய்வெடுக்கச் சொல்லுதல், சத்தான உணவு உண்ணச் சொல்லுதல், தைரியம் சொல்லுதல்’ என்று கேர் பிளான் எழுதினேன். “இது எந்த நோயாளிக்கும் பொருந்தும். இவருக்கு என்ன செய்யப் போகிறாய்?” என்று டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

– செவிலிய மாணவி, திருநெல்வேலி

பதில்: அந்த அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். “அசதியாக இருக்கிறதா?” என்று கேட்டால் “ஆமா” என்பார், பேச்சு முடிந்துவிடும். “போன தீபாவளிக்குச் சிரமமில்லாமல் செய்த எந்த வேலை இப்போது முடியவில்லை அக்கா?” என்று கேளுங்கள். கல் சுமந்து மாடி ஏற முடியவில்லை, குடத்தைத் தூக்கினால் படபடக்கிறது, துணி துவைக்கும்போது நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக வரும். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் சிலவற்றைக் கூச்சப்படுத்தாமல் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் அல்லது துணி மாற்றுகிறார், கட்டி கட்டியாகப் போகிறதா, எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா? பச்சரிசி, பல்பம், விபூதி, சாம்பல் இவற்றைத் தின்னும் ஆசை உண்டா? இரும்புச்சத்துக் குறைந்த பலருக்கு இந்த ஆசை வரும். வீட்டில் திட்டு விழும் என்று மறைத்து வைத்திருப்பார்கள். சத்து ஏற ஏற இது பெரும்பாலும் தானே அடங்கிவிடும் என்று நீங்கள் சொன்னாலே பாதிப் பாரம் இறங்கும்.

அடுத்தது அளவுகள். ஓய்வில் இருக்கும்போது பல்ஸ், மூச்சு, பிபி பாருங்கள். கழிப்பறைக்கு நடந்து திரும்பியதும் மறுபடி பாருங்கள், பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் குறியுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பத்து லாரி ஓட வேண்டிய சாலையில் ஐந்துதான் ஓடுகிறது, அந்த ஐந்திலும் முழுச் சுமை இருக்கிறது என்று வையுங்கள். ஆக்சிமீட்டர் சுமை நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், லாரிகளை எண்ணாது. குறைந்த லாரிகளை வைத்துச் சரக்கைக் கொண்டுசேர்க்க இதயம் வேகமாக அடிக்கிறது. படபடப்பும் மூச்சிரைப்பும் அதனால் வருபவை.

இப்போது செவிலியக் கணிப்பை இப்படி எழுதலாம்: ‘ஹீமோகுளோபின் குறைந்து ஆக்சிஜன் சுமக்கும் திறன் தாழ்ந்ததால், உடலுழைப்பைத் தாங்கும் சக்தி குறைவு. சான்று: கழிப்பறைக்குச் சென்று வந்ததும் பல்ஸ் 96லிருந்து 128, மூச்சிரைப்பு.’ இந்த எண்கள் உதாரணத்துக்கு. நீங்கள் எடுத்த எண்ணை எழுதுங்கள். தலைசுற்றல் இருந்தால் விழுந்துவிடும் ஆபத்தைத் தனியாகச் சேருங்கள். இலக்கும் அளக்கக்கூடியதாக இருக்கட்டும்: ‘மூன்றாம் நாள் மாலைக்குள் கழிப்பறைக்கு நடந்து திரும்புவார், பல்ஸ் ஓய்வில் இருந்ததைவிட 20க்கு மேல் உயராது, ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வரும்.’

இனி ஓய்வு. வார்டில் ஓய்வை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். ரத்தம் எடுப்பது, பிபி பார்ப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு, இடையில் ஒன்றரை மணி நேரமாவது தொந்தரவில்லாமல் விடுங்கள். குளியலும் சாப்பாடும் அடுத்தடுத்து வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும். தண்ணீர், செருப்பு, போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். படுக்கையிலிருந்து முதலில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பிறகு நிற்கச் சொல்லுங்கள். அதற்காக நாள் முழுக்கப் படுக்கவைக்கவும் கூடாது, தசை தளர்ந்து அசதி கூடும். தாங்கும் அளவுக்கு நடை, நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தம்.

நாளை ரத்தம் ஏற்றும்போது, பையிலும் நோயாளியின் அடையாளத்திலும் உள்ள விவரங்களை இருவராகச் சரிபாருங்கள். முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, இடுப்புவலி, எதுவானாலும் ரத்தத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாள்பட்ட ரத்தசோகையில் வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது. புதிதாக இருமல், படுத்தால் மூச்சுத்திணறல் வருகிறதா என்று கவனியுங்கள். ஏற்றத் தொடங்கிய ரத்தம் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

உணவைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, சுண்டல், ஈரல், சுவரொட்டி எல்லாம் நல்லவை, ஆனால் 6.4ஐ உணவு மட்டும் ஏற்றிவிடாது. மாத்திரை வேண்டும். மருத்துவர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாக உடலில் சேரும். டீ, காபி, கால்சியம் மாத்திரை இவற்றுக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. அதிகம் விழுங்கினால் அவர்களுக்கு அது விஷம்.

பார்வையாளர் நேரத்தில் வீட்டாரிடம் பேசுவதையும் பிளானில் எழுதுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல் இருப்பதால் அசதி பெண்களின் இயல்பு என்றே வீடு நினைத்துக்கொள்கிறது, முடியாமல் உட்காருகிறவளுக்குச் சோம்பேறி என்று பட்டம். கணவரிடம் அக்காவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். “குறைந்தது 12 இருக்க வேண்டும், அக்காவுக்கு 6.4தான் இருந்தது. பாதி ரத்தத்தோடு இத்தனை நாள் கல் சுமந்திருக்கிறார்” என்று சொல்லுங்கள். யார் தண்ணீர் பிடிப்பது, யார் துவைப்பது என்று அங்கேயே பேசி முடிவெடுக்க வையுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் மகப்பேறு–மகளிர் நல ஓ.பி.க்குப் போகும் நாளை உறுதி செய்யுங்கள். ரத்தப்போக்கின் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் அதே கட்டிலுக்கு மறுபடி வருவார். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை வேண்டும். அளவு சரியான பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும்.

கடைசியாக, மதிப்பீடு. ‘நோயாளி நலமாக உணர்கிறார்’ என்று எழுதாதீர்கள். மூன்றாம் நாள் மாலை அவரோடு கழிப்பறைவரை நீங்களே நடந்து போய்த் திரும்பி, பல்ஸ் பாருங்கள். குறித்த இலக்கு எட்டவில்லை என்றால் அதை அப்படியே எழுதி, பிளானை மாற்றுங்கள். டீச்சரிடம் காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.